கடைசி டிடெக்டரில் இருக்கும் சின்ன ரெசிஸ்டர்: ஸோன் வகை ஃபயர் அலாரம் பேனல், ஓர் எளிய அறிமுகம்

சிறிய அலுவலகம், பள்ளிக்கூடம், விடுதி, மூன்று மாடிக் கடை என எங்கே போனாலும் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பார்கள். அதுதான் ஃபயர் அலாரம் பேனல். அதில் ஒரு பச்சை விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் ஃபயர் அலாரம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் அந்தப் பச்சை விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பெட்டிக்குக் கரண்ட் வருகிறது.

இந்தப் பெட்டியைப் பற்றி மூன்று தவறான எண்ணங்கள் பரவலாக உள்ளன. எந்த அறையில் தீப்பிடித்தது என்று அது காட்டும் என்பது ஒன்று. அலாரம் அடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் என்பது இரண்டாவது. தண்ணீர் தெளிப்பது வேறொரு அமைப்பு. அலாரம் எச்சரிப்பதோடு நின்றுவிடும். மஞ்சள் நிற ‘ஃபால்ட்’ விளக்கு எரிந்தால் அது வெறும் தொந்தரவு, பஸரை நிறுத்திவிட்டால் போதும் என்பது மூன்றாவது. மற்ற இரண்டும் அறியாமை. இது மட்டும் உயிருக்கு ஆபத்து. ஏன் என்று புரிய, பெட்டிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது கடினமானதல்ல.

## ஒரு கயிறும் ஒரு காவலாளியும்

நீளமான இருட்டு நடையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒரே கயிறு எல்லோர் கையையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஒரு முனை வாசலில் இருக்கும் காவலாளியின் கையில் இருக்கிறது. உள்ளே யாராவது நெருப்பைப் பார்த்தால் கயிற்றைப் பலமாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். காவலாளி உடனே மணியடிப்பார்.

இதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, இழுத்தது யார் என்று காவலாளிக்குத் தெரியாது. அந்த நடையில் யாரோ ஒருவர் என்பது மட்டுமே தெரியும். இரண்டாவது, கயிறு நடுவில் எங்காவது அறுந்துபோனால் அதுவும் தெரியாது. அமைதியாக இருக்கும் கயிறும் அறுந்த கயிறும் அவர் கைக்கு ஒன்றுதான்.

இரண்டாவது குறைக்கு எளிய வழி இருக்கிறது. கயிற்றின் மறுமுனையில், கடைசி ஆளையும் தாண்டி, ஒரு சிறிய எடைக்கல்லைத் தொங்கவிடுவது. இப்போது காவலாளியின் கையில் எப்போதும் மெல்லிய இழுவை ஒன்று இருக்கும். அது இருக்கும்வரை கயிறு முழுசாக இருக்கிறது. இழுவை சட்டென்று தளர்ந்தால் கயிறு அறுந்துவிட்டது. பலமான இழுவை வந்தால் நெருப்பு. அதைவிடவும் விறைப்பாக, அசைக்கவே முடியாமல் போனால் கயிறு வழியில் ஏதோ ஒரு தூணில் மாட்டிக்கொண்டது.

ஸோன் வகை பேனலின் முழு இயக்கமும் இவ்வளவுதான். பேனல் நெருப்பைப் பார்ப்பதில்லை. தன் கையில் இருக்கும் இழுவையை மட்டும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

## கயிற்றைக் கம்பியாக மாற்றுவோம்

கயிற்றுக்குப் பதில் இரண்டு மின்கம்பிகள். இழுவைக்குப் பதில் மின்னோட்டம். பேனல் இந்தக் கம்பிகளில் ஏறத்தாழ 24 வோல்ட் டி.சி. மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. கம்பி முதல் டிடெக்டருக்கு, அதாவது கூரையில் புகையை உணரும் கருவிக்கு, போய், அங்கிருந்து இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு என்று தொடர்கிறது. இப்படி ஒரே ஜோடிக் கம்பியில் கோக்கப்பட்ட கருவிகளின் தொகுதிக்கு ஸோன் என்று பெயர்.

கடைசிக் கருவியின் முனையில் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு சிறிய மின்தடையை வைப்பார்கள். அதுதான் எடைக்கல். அதன் பெயர் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர், சுருக்கமாக இ.ஓ.எல். அதன் அளவு பேனலுக்குப் பேனல் மாறும். 4.7 கிலோ ஓம், 6.8 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ஆகியவை அடிக்கடி காணப்படுபவை.

4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 24 வோல்ட்டை 4,700 ஓமால் வகுத்தால் சுமார் 5 மில்லி ஆம்பியர். டிடெக்டர்கள் ஓய்வில் இழுப்பது ஒவ்வொன்றும் 0.1 மில்லி ஆம்பியர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். ஆகவே எல்லாம் நலமாக இருக்கும்போது பேனல் உணர்வது இந்த 5 மில்லி ஆம்பியரும் சிறிது கூடுதலும்தான்.

கம்பி அறுந்தால் ரெசிஸ்டருக்குப் போகும் வழி அடைபடும். 5 மில்லி ஆம்பியர் காணாமல் போகும். பேனல் ‘ஃபால்ட்’ என்று மஞ்சள் விளக்கைப் போட்டு உள்பஸரை ஒலிக்கவிடும்.

புகை வந்தால் டிடெக்டர் இரு கம்பிகளுக்கும் நடுவே குறைந்த மின்தடையுள்ள ஒரு வழியைத் திறந்துவிடும். சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியை, அதாவது கால் பாயிண்ட்டை, ஒருவர் அழுத்தினாலும் இதுவே நடக்கும். அதற்குள் பெரும்பாலும் 470 அல்லது 680 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். 470 ஓம் என்றால் கணக்குப்படி 51 மில்லி ஆம்பியர். பேனல் தன் பங்குக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் உண்மையில் இதைவிடக் குறைவாக ஓடலாம். எப்படிப் பார்த்தாலும் 5 எங்கே, அது எங்கே! அந்தத் தாவலைத்தான் பேனல் ‘தீ’ என்று படிக்கிறது.

இரு கம்பிகளும் ஒன்றையொன்று நேராகத் தொட்டுவிட்டால் மின்னோட்டம் இன்னும் எகிறும். இதுதான் ஷார்ட். இன்றைய பேனல்கள் இதையும் ஃபால்ட் என்று பிரித்துக் காட்டும். பழைய பேனல்கள் சில இதைத் தீ என்றே எடுத்துக்கொண்டு அலாரம் அடித்துவிடும்.

கால் பாயிண்ட்டுக்குள் ரெசிஸ்டர் ஏன் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டு வெறும் ஸ்விட்சாக இணைத்தால், அழுத்தும்போது நேரடி ஷார்ட் ஆகும். உள்ளே ஒருவர் உயிருக்குப் பயந்து அழுத்தியிருப்பார். வெளியே பேனலில் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சிறிதளவு மின்னோட்டம் நலம், மின்னோட்டமே இல்லை என்றால் கம்பி அறுந்தது, பல மடங்கு கூடினால் தீ, அதையும் தாண்டினால் ஷார்ட். பேனலுக்குத் தெரிந்தது இந்த நான்கு நிலைகள் மட்டுமே.

## ஸோன் என்பது தேடும் எல்லை

யார் இழுத்தார் என்று காவலாளிக்குத் தெரியாது என்ற முதல் குறை இன்னும் தீரவில்லை. இந்த வகைப் பேனலில் அது தீராது. ‘ஸோன் 2’ என்ற சிவப்பு விளக்கு எரிந்தால், அந்தக் கம்பியில் இருக்கும் பதினைந்து டிடெக்டர்களில் ஒன்று என்று பொருள். எது என்பதை ஒருவர் நேரில் போய்ப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூண்டப்பட்ட டிடெக்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விடாமல் எரிந்துகொண்டிருக்கும்.

அதனால் ஸோன் பிரிக்கும்போது, ஒரு மனிதர் விரைவாகத் தேடி முடிக்கக்கூடிய அளவு எது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கம்பி இழுக்க எது வசதி என்பது அதற்குப் பிறகுதான். பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 5839 பகுதி 1 இதற்கு நல்ல அளவுகோல்களைத் தருகிறது. ஒரு ஸோனின் பரப்பு 2,000 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. கட்டடத்தின் மொத்தப் பரப்பு 300 சதுர மீட்டருக்கு மேல் போனால் ஒவ்வொரு ஸோனும் ஒரு தளத்துக்குள் அடங்க வேண்டும். ஸோனுக்குள் நுழைந்தவர் நெருப்பைக் கண்ணால் காண 60 மீட்டருக்கு மேல் நடக்க நேரக்கூடாது. மாடிப்படிக் கூண்டு தனி ஸோன். ஒவ்வொரு நாட்டிலும் எண்கள் கொஞ்சம் மாறும், நோக்கம் ஒன்றுதான்.

முதல் தளத்தின் கிழக்கு அறைகளையும் மூன்றாம் தளத்தின் ஸ்டோர் ரூமையும் ஒரே ஸோனில் சேர்ப்பது கம்பியை மிச்சப்படுத்தலாம். தீயணைக்க வருபவர் எந்த மாடிக்கு ஓடுவார்?

பேனலுக்குப் பக்கத்தில் ஸோன் வரைபடம் கட்டாயம் இருக்க வேண்டும். அது பேனலைப் பார்த்து நிற்பவர் பார்க்கும் திசையிலேயே வரையப்பட்டிருக்க வேண்டும். வரைபடத்தில் இடப்பக்கம் இருக்கும் அறை, நிற்பவருக்கும் இடப்பக்கமே இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் வரைபடமே இல்லாத பேனல்கள் ஏராளம்.

## எடைக்கல்லை எங்கே தொங்கவிட்டார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

புதிய பேனலை வாங்கும்போது இ.ஓ.எல். ரெசிஸ்டர்கள் பேனலின் டெர்மினல்களிலேயே பொருத்தப்பட்டு வரும், அல்லது ஒரு சிறிய பையில் இருக்கும். டெர்மினலில் இருப்பது பேனலை மேசைமேல் வைத்துச் சோதிப்பதற்காக. வயரிங் செய்பவர் அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு ஸோனின் கடைசிக் கருவியில் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும்.

பல இடங்களில் இதைச் செய்வதில்லை. ரெசிஸ்டர் பேனலிலேயே இருந்துவிடும். பேனல் நலமாகத்தான் காட்டும். டிடெக்டரில் புகை காட்டினால் அலாரமும் அடிக்கும். எல்லாம் சரி என்று கையெழுத்தும் ஆகிவிடும். ஆனால் எடைக்கல் காவலாளியின் கைக்குக் கீழேயே தொங்குகிறது. அந்த 5 மில்லி ஆம்பியர் கட்டடத்துக்குள் போகவே இல்லை. ஆறு மாதம் கழித்துக் கூரையில் ஏசி பொருத்த வந்தவர் கம்பியை அறுத்தாலும், எலி கடித்தாலும், பேனலுக்கு எந்த மாற்றமும் தெரியாது. அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள அத்தனை டிடெக்டர்களும் வெறும் கூரை அலங்காரம்.

இதே பிழையின் இன்னொரு வடிவம் கிளைக்கம்பி. புதிதாக ஓர் அறை தடுத்திருப்பார்கள். அதற்கு ஒரு டிடெக்டர் தேவை. பக்கத்து டிடெக்டரிலிருந்து ஒரு கிளை இழுத்து இணைத்துவிடுவார்கள். சோதித்தால் வேலை செய்யும். ஆனால் முக்கியக் கயிற்றில் முடிச்சுப் போட்ட பக்கக் கயிறு அறுந்தால் எடைக்கல்லின் இழுவை மாறுமா? மாறாது. ஆகவே ஸோன் கம்பி கிளை விடாமல் ஒரே கோடாகப் போக வேண்டும். புதிய டிடெக்டரை அந்தக் கோட்டை வெட்டி நடுவில் சேர்க்க வேண்டும், அல்லது கோட்டின் முடிவில் சேர்த்து ரெசிஸ்டரையும் அங்கே நகர்த்த வேண்டும்.

மூன்றாவது வடிவம் இன்னும் நுட்பமானது. டிடெக்டரின் அடித்தட்டில் கம்பியை வெட்டாமல், தோலை மட்டும் சீவி, வளைத்து ஸ்க்ரூவுக்கு அடியில் மாட்டிவிடுவார்கள். ஸ்க்ரூ தளர்ந்து அந்த வளைவு நழுவினால் அந்த ஒரு டிடெக்டர் மட்டும் தனித்துப்போகும். கோடு அறுபடாததால் பேனல் மௌனமாக இருக்கும். கம்பியை வெட்டி, வரும் முனையும் போகும் முனையும் தனித்தனியாக டெர்மினலுக்குள் நுழைய வேண்டும் என்பது இதனால்தான். அப்போது எந்த முனை நழுவினாலும் கோடு அறுபடும், ஃபால்ட் வரும்.

ரெசிஸ்டரின் அளவையும் நிறக்கோடுகளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 4.7 கிலோ ஓம் என்றால் மஞ்சள், ஊதா, சிவப்பு. 6.8 என்றால் நீலம், சாம்பல், சிவப்பு. 10 என்றால் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. பேனலின் கையேட்டில் சொன்ன அளவுதான் வேண்டும். கையில் கிடைத்ததைப் போட்டால் தீராத ஃபால்ட் வரும், அல்லது ஃபால்ட்டே வராது.

சுருக்கமாக: ரெசிஸ்டர் எங்கே இருக்கிறதோ அதுவரைதான் பேனலின் கண்காணிப்பு.

## ஒரு டிடெக்டரைக் கழற்றினால்?

பல அடித்தட்டுகளில் கம்பியின் தொடர்ச்சி டிடெக்டரின் தலை வழியாகவே போகும். தலையைத் திருகிக் கழற்றினால் கோடு அறுபடும், ஃபால்ட் வரும். யாரும் டிடெக்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, நல்லதுதான். ஆனால் அறுந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் கால் பாயிண்ட்டுகளும் செத்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கால் பாயிண்ட்டுகளைக் கோட்டின் தொடக்கத்தில், பேனலுக்கு அருகாமையில் வருமாறு கோப்பது, அல்லது அவற்றுக்குத் தனி ஸோன் ஒதுக்குவது. மற்றொன்று, டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) வைத்த அடித்தட்டுகளையும் சாதாரண ரெசிஸ்டருக்குப் பதிலாக ‘ஆக்டிவ்’ வகை முனைக் கருவியையும் பயன்படுத்துவது. அப்போது தலையைக் கழற்றினால் ஃபால்ட் காட்டும், மற்றவை தொடர்ந்து வேலை செய்யும். இதற்குப் பேனல் இடம்கொடுக்க வேண்டும்.

கம்பியின் காப்பைச் சோதிக்க 500 வோல்ட் மெகர் பிடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அதற்கு முன் எல்லா டிடெக்டர் தலைகளையும் கழற்றிவிட்டு, கம்பியைப் பேனலிலிருந்தும் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் ஒரே பொத்தானில் ஒரு தளத்தின் டிடெக்டர்கள் அத்தனையும் போய்விடும்.

## ஒலிக்கும் பக்கம்

உள்ளே வரும் கம்பிகளைப் போலவே, சவுண்டர்களுக்கு, அதாவது ஹூட்டர்களுக்கு, போகும் கம்பிகளையும் பேனல் கண்காணிக்கிறது. ஆனால் ஓய்வில் 24 வோல்ட் கொடுத்தால் அவை ஒலித்துக்கொண்டே இருக்குமே? அதனால் ஓய்வு நேரத்தில் பேனல் மின்னழுத்தத்தைத் தலைகீழாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு சவுண்டருக்குள்ளும் இருக்கும் டையோடு அந்தத் திசையில் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். முனையில் உள்ள ரெசிஸ்டர் வழியாக மட்டும் சிறிது ஓடும். தீ என்றதும் பேனல் திசையை மாற்றும், எல்லாம் ஒலிக்கும்.

ஆகவே சவுண்டரின் பிளஸ், மைனஸ் மாறினால் அது ஓய்விலேயே ஒலிக்கும், அல்லது ஃபால்ட் காட்டும், தீ வந்தால் மௌனமாகிவிடும்.

## பேட்டரி: கணக்கும் ஏமாற்றமும்

பெட்டியின் அடியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். சிறிய பேனல்களில் 7 ஆம்பியர் மணி அளவு வழக்கம். தேவையான அளவைக் கணக்கிடும் முறை இப்படி: ஓய்வில் இழுக்கும் மின்னோட்டத்தை 24 மணி நேரத்தாலும், அலாரத்தில் இழுப்பதை அரை மணி நேரத்தாலும் பெருக்கிக் கூட்டி, வயதாகித் தேய்வதற்காக 1.25ஆல் பெருக்க வேண்டும்.

ஓய்வில் 0.08 ஆம்பியர், அலாரத்தில் 0.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.92உம் 0.25உம் சேர்ந்து 2.17. அதை 1.25ஆல் பெருக்கினால் 2.71 ஆம்பியர் மணி. 7 தாராளமாகப் போதும். எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது நாட்டு விதியைப் பொறுத்தது. இரவும் விடுமுறையும் ஆளில்லாமல் கிடக்கும் கட்டடத்துக்குக் கூடுதலாகக் கேட்பார்கள்.

மீட்டரை வைத்து 27 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்வது ஏமாற்றம். அது சார்ஜரின் மின்னழுத்தம். மெயின் சப்ளையை நிறுத்தி, பேட்டரியிலேயே சவுண்டர்களைச் சில நிமிடம் ஒலிக்கவிட்டு, அப்போது அளந்தால்தான் உண்மை தெரியும். மாற்றும்போது இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்ற வேண்டும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

## சைலன்ஸும் ரீசெட்டும் ஒன்றல்ல

சைலன்ஸ் சத்தத்தை மட்டும் நிறுத்தும். ஸோன் விளக்கும் டிடெக்டரின் சிவப்புப் புள்ளியும் அப்படியே இருக்கும். ரீசெட் ஸோன் கம்பிக்குப் போகும் மின்சாரத்தைச் சில விநாடிகள் துண்டித்து மீண்டும் கொடுக்கும். ஒருமுறை தூண்டப்பட்ட டிடெக்டர் தானாக விடாது. கயிற்றை இழுத்தவர் பிடியை விடாமல் நிற்பதுபோல. மின்சாரம் போனால்தான் விடும்.

இதனால் வரிசை முக்கியம். அலாரம் அடித்ததும் ஆட்கள் வெளியேற வேண்டும். ஸோனைப் பார்த்து, உரியவர் போய்த் தேடி, எரியும் சிவப்புப் புள்ளியைக் கண்டுபிடித்து, காரணம் தெரிந்த பிறகே ரீசெட். முதலிலேயே ரீசெட் அழுத்தினால் சிவப்புப் புள்ளி அணைந்துவிடும். எந்த டிடெக்டர் என்ற ஒரே தடயமும் போய்விடும். கால் பாயிண்ட் அழுத்தப்பட்டிருந்தால் அதை அதற்குரிய சாவியால் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் ரீசெட் நிற்காது.

## எப்போது இது போதாது?

‘அட்ரஸபிள்’ வகை பேனலில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் உண்டு. இன்ன அறை என்று திரையிலேயே எழுதிக் காட்டும். அதனால் ஸோன் வகை பழசு, மலிவு, கழித்துக்கட்ட வேண்டியது என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. இரண்டு முதல் எட்டு ஸோன்களுக்குள் அடங்கும் கட்டடத்தில், ஓடிப்போய்ப் பார்த்துவரக்கூடிய தூரங்களில், இது தேவையானதைச் செய்துவிடும். உதிரிகள் எளிதில் கிடைக்கும், மீட்டர் பிடிக்கத் தெரிந்த எவரும் பழுது பார்க்கலாம். ஸோன்கள் பன்னிரண்டு, பதினாறு என்று பெருகும்போதுதான் ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி இழுக்கும் செலவும் தேடும் நேரமும் கணக்கை மாற்றும். பூட்டிய அறைகள் நிறைந்த விடுதியும் நடக்க முடியாத நோயாளிகள் இருக்கும் இடமும், சிறியவையானாலும், அட்ரஸபிள் பக்கமே சாய வேண்டும்.

## பேனலிடம் கேட்க ஒரு கேள்வி

பராமரிப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு டிடெக்டரில் புகை அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். அது அலாரம் அடிக்கிறதா என்பதைச் சோதிக்கிறது. கம்பி கண்காணிக்கப்படுகிறதா என்பதை அது சோதிப்பதில்லை.

அடுத்த முறை அவர்கள் வரும்போது, கட்டடத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டு, இதைக் கேளுங்கள்: “ஒவ்வொரு ஸோனிலும் கடைசிக் கருவி எது? அதில் உள்ள ரெசிஸ்டரைக் காட்ட முடியுமா?” காட்டினால், அதன் ஒரு காலை டெர்மினலிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 54 பகுதி 2இன்படி 100 விநாடிக்குள் அந்த ஸோனில் ஃபால்ட் தெரிய வேண்டும். தெரிந்தால், மீண்டும் பொருத்தி, விளக்கு அணைவதைப் பார்த்து, அந்தக் கருவி இருக்கும் இடத்தைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். தெரியாவிட்டால், அல்லது கடைசிக் கருவி எது என்றே அவர்களுக்குத் தெரியாவிட்டால், பேனலின் மூடியைத் திறந்து ஸோன் டெர்மினல்களைப் பாருங்கள். ரெசிஸ்டர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.